கணக்குக் கேட்கும் கமிட்டியின் கணக்கு

சட்டமன்றக் கமிட்டியொன்று எங்கள் மாவட்டத்தில் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துச் சென்ற மறுவாரம், கிராமத்து விற்பனைச் சங்கமொன்றின் தாழ்வாரத்தில் அமர்ந்து இருப்புப் பேரேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிலக்கடலை மூட்டைகளை எடைபோடக் கொணர்ந்திருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் அருகில் வந்து நின்றார். "ஐயா, ஒரு சந்தேகம். போன வாரம் வரிசையாகக் கார்களில் வந்தார்களே, அவர்கள் எதற்காக வந்தார்கள்?" என்றார். சர்க்கார் இலாகாக்கள் பணத்தைச் சரியாகச் செலவிட்டனவா என்று பார்க்க வந்தார்கள் என்றேன். "நல்லது. அந்தக் கார்களுக்கு எண்ணெய் போட்டது யார்? அந்தக் கணக்கை யார் பார்ப்பார்கள்?" என்றார். சங்கச் செயலாளர் சிரித்துவிட்டு, "பெரியவரே, ஆகிற காரியத்தைக் கேளுங்கள்" என்று அவரை எடைமேடைக்கு அனுப்பிவிட்டார்.

ஆகிற காரியத்தைத்தான் அவர் கேட்டார் என்பது என் கருத்து. அன்று அவருக்கு நான் அரைகுறையாகவே விடை சொன்னேன். நமது அங்கத்தினர்களில் பலருக்கும் இதே ஐயம் இருக்கக்கூடுமாதலால், விடையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல முற்படுகிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது? சட்டமன்றத்துக்கென்று தனிப்பெட்டி கிடையாது. மாநிலத்தின் தொகுப்பு நிதி என்னும் ஒரே பெட்டியிலிருந்துதான் ஆசிரியருக்கும் காவலருக்கும் சட்டமன்றத்துக்கும் பணம் போகிறது. வரவு செலவுத் திட்டத்தின் மானியக் கோரிக்கைகளில் நம் மாநிலச் சட்டமன்றத்தின் செலவே முதல் எண்ணைப் பெற்றிருக்கிறது. அதில் சபாநாயகர், துணைச் சபாநாயகர் ஆகிய இருவருடைய சம்பளமும் படிகளும் அரசியல் சட்டத்தின் 202வது பிரிவுப்படி வாக்கெடுப்புக்கு உட்படாதவை. கமிட்டிகளின் செலவு அவ்வாறன்று. அது சபையின் வாக்கைப் பெற்றே வழங்கப்படுவது. ஆகவே, கமிட்டிக்குப் பணம் கொடுப்பது யார் என்று கேட்டால், கமிட்டியை அமைத்த அதே சபைதான் என்பது விடை.

கொடுக்கும் முறையும் நாம் அறியாததன்று. அங்கத்தினர்களின் சம்பளமும் படிகளும் சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 195வது பிரிவு. நம் மாநிலத்தில் அதற்கென 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. பாராளுமன்றத்துக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம். கமிட்டியின் கூட்டத்துக்கோ சுற்றுப்பயணத்துக்கோ சென்ற அங்கத்தினர் பயணப்படியும் தினப்படியும் கோருகிறார், செயலகம் சரிபார்க்கிறது, பட்டியல் பணம் வழங்கும் அலுவலகத்துக்குப் போகிறது, மாநிலக் கணக்காயர் அதைக் கணக்கில் ஏற்றுகிறார். பாராளுமன்ற அங்கத்தினரின் தினப்படி 1954இல் ரூ. 21 ஆக இருந்தது. 2025ஆம் ஆண்டு வெளியான அறிவிக்கையின்படி, 2023 ஏப்ரல் முதல் ரூ. 2,500. கூட்டத்தொடர்க் காலத்தில் தினப்படி கோருவோர் அதற்குரிய பதிவேட்டில் கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்றும், கையொப்பமில்லையேல் படியில்லை என்றும் அச்சட்டமே கூறுகிறது. அமர்வுப்படி வாங்கும் நமது சங்க இயக்குநர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சட்டமியற்றும் சபையாயினும் சரி, சாவடிக்கு எதிரேயுள்ள கடன் சங்கமாயினும் சரி, வந்தவர் வந்தார் என்பதற்குக் கையொப்பமே சாட்சி.

இதன் பிறகு தணிக்கை வருகிறது. தொகுப்பு நிதியிலிருந்து செலவான பணம் அனைத்தையும் தணிக்கை செய்யும் பொறுப்பு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருடையது. மாநிலக் கணக்குகளைப் பற்றிய அவருடைய அறிக்கை அரசியல் சட்டத்தின் 151வது பிரிவுப்படி கவர்னரிடம் சேர்ந்து, சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் கமிட்டியின் ஆய்வுக்குச் செல்கிறது.

இங்கேதான் அந்தப் பெரியவருடைய கேள்வியின் கூர்மை தெரிகிறது. இலாகாக்களின் கணக்கைப் பார்ப்பது பொதுக் கணக்குக் கமிட்டி. அந்தக் கமிட்டி சுற்றுப்பயணம் செய்த செலவில் தணிக்கையாளர் ஒரு குறை கண்டால், அக்குறை வட்டமடித்து வந்து நிற்குமிடமும் அதே கமிட்டியின் மேசையே. இந்த நாட்டில் பொதுக் கணக்குக் கமிட்டி 1921இல் முதன்முதல் அமைந்தபோது, சர்க்காரின் நிதி அங்கத்தினரே அதற்குத் தலைமை வகித்தார். அதாவது, செலவுக்குப் பொறுப்பானவரே செலவை ஆராயும் கமிட்டிக்கும் தலைவர். சுதந்திரத்துக்குப் பின் அது திருத்தப்பட்டது. மந்திரி எவரும் அக்கமிட்டியில் இருத்தலாகாது என்றாயிற்று. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரைப் பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் கமிட்டிக்குத் தலைவராக்கும் மரபும் ஏற்பட்டது. நல்ல மாறுதல்தான். ஆனால் அது சர்க்காரின் செலவைக் குறித்த திருத்தம். கமிட்டியின் சொந்தச் செலவைக் குறித்ததன்று.

நெய்தவரும் அளப்பவரும் ஒருவராயிருத்தல் கூடாது என்பதை நெசவாளர் சங்கத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கத்தினர் கொணரும் சேலையை நீளம் பார்த்து, இழை பார்த்து, கறை பார்த்து வாங்குபவர் வேறொருவர். நெய்தவர் நேர்மையற்றவர் என்பதனால் அன்று. தன் கைத்துணியில் தனக்குப் பிழை தெரியாது என்பதனால். எடைமேடையிலும் அப்படியே. மூட்டை விவசாயியுடையது, தராசு சங்கத்துடையது, முள்ளைப் பார்க்கும் கண்கள் இருவருடையவை. இந்த எளிய முறை பெரிய சபைகளில் மறக்கப்படும்போது என்ன நேரும் என்பதற்குத் தக்க எடுத்துக்காட்டு அமெரிக்கப் பிரதிநிதி சபையில் இருக்கிறது. கல்லூரியில் அரசியல் பாடத்தில் இதை ஒரு பெயராகவே படித்தேன். இந்த உத்தியோகத்துக்கு வந்தபின்தான் இதன் பொருள் விளங்கிற்று.

அந்நாட்டில் கமிட்டிகள் நம் நாட்டைக் காட்டிலும் மிகுந்த வலிமை பெற்றவை. ஒவ்வொரு கமிட்டிக்கும் தனி ஊழியர்கள், தனி வரவு செலவுத் திட்டம். கமிட்டித் தலைவர் தமக்கு இவ்வளவு வேண்டுமென்று சபை நிர்வாகக் கமிட்டி என்ற மற்றொரு கமிட்டியிடம் கேட்க வேண்டும்; அது ஆராய்ந்தபின் சபை தீர்மானம் நிறைவேற்றித் தொகையை ஒதுக்கும். 1960களில் அப்பணம் சபையின் சில்லறைச் செலவு நிதியிலிருந்து வழங்கப்பட்டது. பெயர்தான் சில்லறை. அத்தீர்மானங்களில் காணப்படும் நிபந்தனை இது: செலவுச் சீட்டில் கமிட்டித் தலைவர் கையொப்பமிட வேண்டும், சபை நிர்வாகக் கமிட்டி அதை அங்கீகரிக்க வேண்டும். ஆக, இரண்டு கையொப்பங்கள். தலைவர் சான்றளிப்பார், மற்றொரு கமிட்டி மேற்பார்வையிடும். ஏட்டில் பார்த்தால் குறைசொல்ல இடமில்லை.

1961 முதல் கல்வி, தொழிலாளர் கமிட்டியின் தலைவராயிருந்தவர் ஆடம் கிளேட்டன் பவல். நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியின் பிரதிநிதி. கறுப்பின மக்களின் பெருந்தலைவர்களுள் ஒருவர். பள்ளிகளுக்கு மத்திய சர்க்காரின் உதவியளித்த 1965ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய கமிட்டியின் வழியாக வந்ததுதான். இத்தகையவருடைய கமிட்டியின் செலவைப்பற்றிப் புகார்கள் எழுந்தன. 1966இல் சபை நிர்வாகக் கமிட்டியின் துணைக் கமிட்டியொன்று விசாரித்தது. பயணச் செலவு விஷயத்தில் பவலும் அவருடைய ஊழியர் சிலரும் சபையின் அதிகாரிகளை ஏமாற்றினார்கள் என்றும், அவருடைய மனைவிக்குச் சட்டவிரோதமாகச் சம்பளம் வழங்கப்பட்டதற்கு வலுவான சான்று உண்டென்றும் அது அறிக்கை தந்தது. விமானச் சீட்டில் ஒரு பெயர், விமானத்தில் ஏறியவர் வேறு. பேருந்துச் சீட்டை வைத்துப் பயணப்படி கோரும் நமது சிற்றுலகத்திலும் இதை நான் கண்டிருக்கிறேன்; ஒரு சங்கத்தில், கோடை விடுமுறையில் மூடியிருந்த பயிற்சி நிலையத்துக்குச் சென்றுவந்ததாக இருவர் படி வாங்கியிருந்தார்கள்.

அடுத்து ஒரு விசேஷக் கமிட்டி, இமானுவேல் செல்லர் தலைமையில், மறுபடி விசாரித்தது. சபையின் பணத்தைப் பவல் தமக்கும் பிறருக்கும் தவறாகத் திருப்பிவிட்டார், வெளிநாட்டு நாணயச் செலவைக் குறித்துப் பொய்யறிக்கை கொடுத்தார் என்று கண்டது. அவரைக் கண்டித்து, அபராதம் விதித்து, ஆனால் சபையில் அமரவிட வேண்டும் என்று அக்கமிட்டி பரிந்துரைத்தது. சபையோ கோபம் மேலிட, 1967 மார்ச் 1ஆம் தேதி, 307க்கு 116 என்ற வாக்குகளால் அவரை உள்ளே வரவே கூடாதென்று தடுத்துவிட்டது. ஹார்லெம் மக்கள் அடுத்த மாதமே அவரை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்; 1968லும் தேர்ந்தெடுத்தார்கள். 1969 ஜனவரியில் சபை அவரை ஏற்றது. ஆயினும் 25,000 டாலர் அபராதம் விதித்து, அவருடைய மூப்புரிமையையும் பறித்தது. அவ்வாண்டு ஜூன் 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயது, குடியுரிமை, வசிப்பிடம் என்று அரசியல் சட்டம் கூறும் தகுதிகள் உள்ள ஒருவரைச் சபை விலக்கியது செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுவோர் இரு கட்சியாகவே பேசுகிறார்கள். பவல் குற்றமற்றவர், நிறத்துக்காகத் தண்டிக்கப்பட்டார் என்பது ஒரு கட்சி. பணத்தைத் தின்றவர், தக்க தண்டனை பெற்றார் என்பது மற்றொன்று. நான் இரண்டிலும் சேராதவன். பயணக் கணக்குப் பொய். அதற்கு நிறத்தைக் காரணமாகச் சொல்லித் தப்ப முடியாது. அதேசமயம், மற்றத் தலைவர்களுடைய செலவுச் சீட்டுகளையும் அதே விளக்கைக் கொண்டு பார்த்தார்களா என்று அவருடைய ஆதரவாளர்கள் கேட்டதும் நியாயமான கேள்வியே. அந்தக் கேள்விக்கு விடை பத்தாண்டு கழித்துத் தானாகவே வந்தது.

1966இல் பவலின் கணக்கை விசாரித்த துணைக் கமிட்டியின் தலைவர், ஒஹாயோ மாநிலத்துப் பிரதிநிதி வெய்ன் ஹேஸ். அவர் 1971இல் சபை நிர்வாகக் கமிட்டிக்கே தலைவரானார். மற்றக் கமிட்டிகளின் செலவுச் சீட்டுகளுக்கு இரண்டாவது கையொப்பம் தரும் இடம் அது. அங்கத்தினர்களின் படிகளைச் சபையின் வாக்கில்லாமலே மாற்றும் அதிகாரமும் அதற்குக் கிடைத்திருந்தது. ஹேஸைக் கண்டு அஞ்சாத அங்கத்தினர் குறைவு என்பார்கள், அஞ்சியதில் வியப்பில்லை. 1976 மே மாதம் 23ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. ஹேஸின் கமிட்டியில் எழுத்தராக ஆண்டுக்கு 14,000 டாலர் சம்பளம் பெற்றுவந்த பெண் ஒருவர், தமக்குத் தட்டெழுத்தே தெரியாதென்றும், வேலைக்காக அன்றித் தலைவரோடு கொண்ட உறவுக்காகவே சம்பளம் பெறுவதாகவும் சொல்லியிருந்தார். ஹேஸ் முதலில் மறுத்தார். பின்பு சபையிலேயே உறவை ஒப்புக்கொண்டார். ஜூன் மாதம் கமிட்டித் தலைமையை விட்டார். செப்டம்பர் 1ஆம் தேதி சபையை விட்டே விலகினார்.

பவலின் மனைவிக்குச் சம்பளம் கொடுத்தது தவறு என்று எழுதிய கை, வேலை செய்யாத ஒருவருக்குச் சம்பளச் சீட்டிலும் கையொப்பமிட்டது. இதைக் கண்டு மனிதர் யாவரும் ஒரே மாதிரி என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அந்தச் சலிப்பு எனக்குச் சம்மதமில்லை. தவறு மனிதரிடம் மட்டும் இருந்ததாக நான் எண்ணவில்லை. மற்ற எந்தக் கமிட்டித் தலைவர் செலவு செய்தாலும் அவருக்கு மேலே இரண்டாவது கையொப்பம் ஒன்று இருந்தது. சபை நிர்வாகக் கமிட்டியின் தலைவரே செலவு செய்யும்போது முதற்கையொப்பம் அவருடையது. இரண்டாவது கையொப்பம் அவருடைய கமிட்டியினது. இரண்டு பூட்டுகள் இருந்தன. சாவிகள் மட்டும் ஒரே மடியில் இருந்தன. ஹேஸ் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்திருப்பார்.

1976 ஜூலையில் பிரதிநிதி சபை, படிகளைத் தானே மாற்றும் அதிகாரத்தைச் சபை நிர்வாகக் கமிட்டியிடமிருந்து பறித்துக்கொண்டது. வேண்டுமாயின் சபையின் முன் வந்து வாக்குக் கேட்கட்டும் என்றது. நாம் இங்கே இயக்குநர்களின் படியை உயர்த்த வேண்டுமாயின் அதை மகாசபைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதையொத்ததே.

ஆனால் எனக்கு இதனினும் முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அமெரிக்க அரசியல் சட்டம், பொதுப்பணத்தின் வரவு செலவுக் கணக்கை அவ்வப்போது வெளியிட வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே விதித்துவிட்டது. பிரதிநிதி சபையின் சொந்தச் செலவுகளை இனவாரியாக அச்சிட்டு வெளியிடும் அறிக்கை 1964 முதல் வருகிறது. இப்போது அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. எந்தக் கமிட்டி, எந்த ஊழியர், எவ்வளவு சம்பளம், யாருக்கு எவ்வளவு பயணச் செலவு என்று வரிவரியாக அதில் இருக்கும். 2009 நவம்பர் முதல் வீட்டிலிருந்தபடியே கணினியில் எவரும் பார்க்கலாம். நான் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். தடித்த தொகுதிகள், படிப்பதற்கு நம் நாள்வழியைவிடச் சுவையானவை அல்ல.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 1964இலேயே இந்த அறிக்கை இருந்ததே, பிறகு ஹேஸின் விவகாரம் எப்படி நடந்தது? சட்டப்படி அச்சாகும் பட்டியலில் அந்தப் பெண்ணின் சம்பளமும் ஒரு வரியாகத்தான் இருந்திருக்கும். பெயரும் தொகையும் சரியாயிருந்திருக்கும். வேலை நடந்ததா என்பதை எந்த அச்சும் காட்டாது. அதைத் தெரிந்தவர் சொல்ல வேண்டும்; சொல்லாமலிருந்தவர்கள் பலர். தணிக்கையாளன் என்ற முறையில் இதை நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்: எங்கள் கண்ணுக்குச் சீட்டு தெரியும், கூட்டல் தெரியும், கையொப்பம் தெரியும். சீட்டில் கண்ட எரு உண்மையில் வயலுக்குப் போயிற்றா என்பது அண்டை வயற்காரருக்கே தெரியும்.

வெளித்தணிக்கை என்ற ஒன்றையே பிரதிநிதி சபை நெடுங்காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. அச்சபையின் கணக்குகள் முழுவதையும் வெளியார் முதன்முதல் தணிக்கை செய்தது 1995இல். அத்தணிக்கையாளர்கள் கணக்கு சரியென்றும் சொல்லவில்லை, தவறென்றும் சொல்லவில்லை. கருத்துக் கூறவே இயலாத நிலையில் ஏடுகள் இருக்கின்றன என்று எழுதிவிட்டார்கள். உலகத்தின் பெருஞ்செல்வ நாட்டின் சட்டசபை! பின்னர் ஏடுகளை ஒழுங்குபடுத்தி, நற்சான்று பெறும் நிலைக்கு வந்தார்கள். நம் மாநிலத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் தணிக்கையைக் கூட்டுறவுத் துறையினின்று பிரித்து, நிதித்துறையின் கீழ்த் தனித்துறையாக வைத்திருப்பதைச் சிலர் தொல்லையென்று கருதுகிறார்கள். சங்கத்தை நடத்த யோசனை சொல்லும் என்னைப் போன்றவனே அதன் கணக்குக்கும் சான்று கொடுத்தால் அச்சான்றின் மதிப்பு என்னவாகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்கில் வாராத செலவு என்றும் ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாயிருக்கிறது. கமிட்டி ஓரிடத்துக்குச் சென்றால், படியும் பயணச் செலவும் அதன் பட்டியலில் ஏறும். அவ்விடத்தில் ஏறிய வாகனம், உண்ட விருந்து, தங்கிய விடுதி, போர்த்திய சால்வை ஆகியவற்றின் செலவு யாருடைய ஏட்டில் ஏறுகிறது? ஆய்வுக்கு உட்படும் நிறுவனத்தின் ஏட்டிலாயின், அது ஆய்வு செய்பவரின் கணக்கில் ஒருபோதும் வராது. கமிட்டியின் செலவுப் பட்டியல் சிறியதாயிருப்பதைக் கண்டு மகிழ்வதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறரைச் சொல்வானேன்? கோடையில் சங்கத்துக்குச் செல்லும் நானும் இளநீர் குடித்தவன்தான். சில்லறைச் செலவுக் கோப்பில் ஒருநாள் "ஆய்வாளர் வருகை, சிற்றுண்டி" என்று ஒரு சீட்டைக் கண்டபோதுதான், நான் குடித்த இளநீருக்கு அங்கத்தினர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்பது உறைத்தது. தொகை அற்பம். அன்று முதல் என் தண்ணீரை நானே எடுத்துச் செல்கிறேன். இதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை, சீட்டில் என் உத்தியோகப் பெயரைப் பார்க்க விருப்பமில்லை, அவ்வளவே.

இனி நான் வேண்டுவது இன்னதென்று சொல்லிவிடுகிறேன். பாராளுமன்றக் கமிட்டிகளின் அறிக்கைகளில் இறுதியில் அமர்வுகளின் நடவடிக்கைக் குறிப்பும், எந்தெந்த நாளில் எவரெவர் வந்திருந்தார் என்ற விவரமும் இணைக்கப்படுகின்றன. அவற்றோடு ஒரு பக்கம் கூட்டி, அந்த விசாரணைக்கு எத்தனை அமர்வுகள், எத்தனை பயணங்கள், அங்கத்தினர்களுக்கும் சாட்சிகளுக்கும் கொடுத்த படிகள் எவ்வளவு, சென்ற இடத்தில் பிறர் ஏற்ற செலவு எவ்வளவு என்று அச்சிட்டால், யாருடைய கௌரவமும் குறையாது. மாநிலச் சட்டமன்றங்களும் அவ்வாறே செய்யலாம். கமிட்டிகள் வீண்செலவு என்பது என் வாதமன்று. ஒரு நல்ல விசாரணை, பயணப்படியைப்போல் பன்மடங்கு பணத்தை மக்களுக்கு மீட்டுத்தரக்கூடும். அப்படி மீட்டுத்தந்ததாயின், செலவும் பயனும் ஒரே புத்தகத்தில் இருப்பது கமிட்டிக்கே பெருமை. மறைப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் மௌனம் ஏன்? கமிட்டியின் தனியுரிமையைத் தணிக்கை குலைத்துவிடும் என்போருக்கு ஒரு வார்த்தை: சாட்சி என்ன சொன்னார் என்பது கமிட்டிக்குள் இரகசியமாயிருக்கலாம், சாட்சிக்கு இரயில் கட்டணம் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதில் என்ன இரகசியம் இருக்கிறது?

நம் சங்கங்களுக்கு வருவோம். தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு இருக்குமிடத்தில் குழுவும், தனி அலுவலர் இருக்குமிடத்தில் அவரும் செலவுச் சீட்டுகளை அங்கீகரிக்கிறார்கள். ஒருவருடைய சொந்தப் பயணப்படிச் சீட்டை அவரே அங்கீகரித்தல் கூடாது. தலைவருடைய பட்டியலைக் குழு பார்க்கட்டும். குழுவின் பட்டியல் முழுவதும் மகாசபைக்கு வரட்டும். தனி அலுவலருடையதை அவருக்கு மேலுள்ளவர் பார்க்கட்டும். ஆண்டறிக்கையில் "நிர்வாகச் செலவு" என்று ஒரே தொகையாகப் போடுவதை விட்டு, யார், எங்கே, எத்தனை நாள், எவ்வளவு என்று பெயர்வாரியாகப் போட வேண்டும். இரண்டாயிரம் அங்கத்தினர்கள் உள்ள சங்கத்துக்கும் இதற்கு அரைப் பக்கம் போதும். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81ஆம் பிரிவின் விசாரணையும், 82ஆம் பிரிவின் ஆய்வும், 87ஆம் பிரிவின் தண்டத் தீர்வையும் இருக்கின்றன. அவை பணம் போனபின் வருபவை. தண்டத் தீர்வை விதித்து, அதை வசூலிக்க ஆண்டுக்கணக்கில் அலைந்த கோப்புகள் என் மேசையிலேயே இருக்கின்றன. போகுமுன் ஒருவர் எழுந்து கேட்டால் மலிவாக முடியும்.

மகாசபையில் அப்படிக் கேட்பவரை "கலகக்காரர்" என்று பெயரிட்டு உட்காரவைக்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அவர் கேட்கும் தொகை ஐம்பது ரூபாயாயிருக்கும்; அதற்கு இவ்வளவு பேச்சா என்பார்கள். ஐம்பது ரூபாய்க்கு விடை சொல்ல இயலாத ஏடு ஐம்பதாயிரத்துக்கு எப்படிச் சொல்லும் என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. விடை சொல்பவரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. சீட்டைக் காட்டினால் விஷயம் முடிந்தது. காட்ட இயலாதபோதுதான் கோபம் வருகிறது என்பது என் அனுபவம்.

அந்த விற்பனைச் சங்கத்துக்குச் சென்ற வாரம் மறுபடி சென்றிருந்தேன். பெரியவர் அன்று வரவில்லை, அறுவடை. சங்கத்தின் பயணப்படிச் சீட்டுகளைத் தனிக்கோப்பில் தேதிவாரியாகக் கட்டி, அடுத்த மகாசபையன்று கூட்டம் நடக்குமிடத்தில் மேசைமீது வைக்க வேண்டுமென்று ஆய்வுக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். செயலாளர் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார்.